வாள் எடுத்தவன் எல்லாம் தார்த்தன்யான்

1625-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், முதல் திங்கட்கிழமை. பிரான்சில் மெங் என்ற சிற்றூருக்குள் ஒரு மஞ்சள் குதிரை நுழைகிறது. வாலில் பேருக்கு ஒரு முடி இல்லை. மேலே உட்கார்ந்திருக்கும் பையனுக்கு வயது 18, ஊர் காஸ்கனி, பெயர் தார்த்தன்யான். மடியில் அப்பா கொடுத்த 15 எக்யூ காசு, அம்மா சொல்லிக்கொடுத்த காயக் களிம்புச் செய்முறை, பாரிசில் மஸ்கட் படைத் தலைவர் த்ரெவீலுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம். குதிரையைப் பார்த்து ஊர் சிரிக்கிறது. சிரித்தவர்களிலேயே பெரிய மனிதராகத் தெரிந்தவரைப் பார்த்துப் பையன் வாளை உருவுகிறான். அவர் ஆட்கள் வந்து நொறுக்கி எடுக்கிறார்கள். மயங்கிக் கிடந்த நேரத்தில் சிபாரிசுக் கடிதமும் களவு போகிறது. அம்மாவின் களிம்புக்கு மட்டும் அன்றைக்கே வேலை வந்துவிட்டது.

உலகம் முழுக்க நூறு ஆண்டுகளாக வாள்சண்டைப் படங்களுக்குச் சோறு போடும் வீரன் அறிமுகமாகும் லட்சணம் இது. அலெக்சாந்தர் துமா 'த த்ரீ மஸ்கட்டீர்ஸ்' என்ற இந்த நாவலை எழுதியது 1844-இல், 'லெ சியேக்ல்' என்ற பாரிஸ் நாளிதழில், தொடர்கதையாக. அதற்குப் பிறகு சினிமா வந்தது. சினிமாக்காரர்கள் இந்தப் பையனுக்கு இறகு வைத்த தொப்பி கொடுத்தார்கள், பட்டுச் சட்டை கொடுத்தார்கள், விமானம் கொடுத்தார்கள், ஒருவர் ஆகாயக் கப்பலே கொடுத்தார். அவன் மடியில் பெரிதாகக் காசில்லை என்ற சின்ன விஷயத்தைத்தான் அடிக்கடி மறந்து போனார்கள். மறக்காதவர்கள் எடுத்த படம் ஓடியதோ இல்லையோ, உயிரோடு இருந்தது.

கடைக்காரர் துமா

துமாவுக்கு வரிக் கணக்கில் கூலி. அதனால்தான் அவருடைய பாத்திரங்கள், 'ஆமாம்', 'ஆமாமா?', 'ஆமாம் என்றேனே' என்று பேசிக்கொண்டே போவார்கள் என்று ஒரு கேலி உண்டு. மஸ்கட் வீரர் அதோஸின் வேலைக்காரன் க்ரிமோ ஒற்றை வார்த்தைக்கு மேல் பேசாத ஆசாமியாகப் பிறந்ததும் இந்தக் கணக்கில்தான் என்பார்கள். அரை வரிக்கும் கீழே இருப்பதற்குக் கூலி கிடையாது என்று பத்திரிகை அறிவித்த அன்றே துமா அவனைக் கதையிலிருந்து தீர்த்துக்கட்டப் போனாராம். உண்மையோ கட்டுக்கதையோ, துமாவைத் தெரிந்தவர்கள் யாரும் இதை மறுத்துச் சண்டைக்குப் போகவில்லை.

கதையும் முழுக்கச் சொந்தச் சரக்கு அல்ல. 1700-இல் வெளிவந்த 'தார்த்தன்யான் நினைவுக் குறிப்புகள்' என்ற புத்தகத்தை மார்செய் நகர நூலகத்தில் இரவல் வாங்கினார், திருப்பித் தரவே இல்லை. அந்தப் புத்தகமாவது அசலா? நிஜ தார்த்தன்யான், சார்ல் த பாட்ஸ் என்கிற காஸ்கனிப் பிரபு, 1673-இல் மாஸ்ட்ரிக்ட் முற்றுகையில் குண்டடிபட்டு இறந்துவிட்டார். செத்து 27 வருஷம் கழித்து அவர் பெயரில் 'நான்' போட்டு எழுதியவர் கூர்த்தீஸ் த சாந்த்ரா என்ற வேறொரு புளுகர். நிஜ ஆசாமி பிறந்தது 1611-க்கும் 1615-க்கும் இடையில். அப்படியானால் 1625-இல் மெங் ஊரில் உதை வாங்கிய வீரனுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயசு. துமா கவலைப்படவில்லை. தொடர்கதைக்குள் பிறந்த தேதி கேட்க யார் வரப்போகிறார்கள்?

ஓகுஸ்த் மாக்கே என்ற வரலாற்று வாத்தியார் குறிப்பெடுத்து, கதைக்கட்டு போட்டு, முதல் பிரதி எழுதிக் கொடுப்பார். துமா அதன் மேல் ரத்தமும் மதுவும் தெளித்துத் தன் பெயரில் அச்சுக்கு அனுப்புவார். இதை நாவல் தொழிற்சாலை என்று 1845-இல் ஒருவர் துண்டுப் புத்தகம் போட்டு ஏச, துமா வழக்குப் போட்டு அவரைச் சிறைக்கு அனுப்பினார். பிறகு மாக்கேயே வழக்குக்குப் போனார். 1858-இல் தீர்ப்பு: பணம் உண்டு, அட்டையில் பெயர் கிடையாது. அந்தப் பணத்தை வசூலிக்க மாக்கே எத்தனை செருப்புத் தேய்த்திருப்பார் என்று யோசித்தால், நிஜமான சாகசம் அதுதான் என்று தோன்றும். துமாவோ பாரிசுக்கு வெளியே மாண்டி கிறிஸ்டோ என்று மாளிகை கட்டி, குரங்கும் கிளியும் நாயும் வளர்த்து, ஊரைக் கூட்டிச் சோறு போட்டு, சில வருஷத்துக்குள் கடனுக்கு அதை விற்றுவிட்டவர்.

அவர் எழுதிய நால்வரும், அதாவது தார்த்தன்யானும் அவனுக்கு நண்பர்களாகப்போகும் மஸ்கட் வீரர்கள் அதோஸ், போர்த்தோஸ், அராமிஸும், அதே ரகம். போர்த்தோஸின் தோள்பட்டைக் கச்சையைப் பாருங்கள். முன்பக்கம் தங்கச் சரிகை ஜொலிக்கிறது. பாரிசே வாயைப் பிளக்கிறது. அன்றைக்கென்று பார்த்து அவருக்கு ஜலதோஷம், அதனால் முதுகை மூடி ஒரு நீளமான மேலங்கி. படி இறங்கி ஓடி வந்த தார்த்தன்யான் காற்றில் படபடத்த அந்த மேலங்கிக்குள் போய்ச் சிக்கிக்கொள்கிறான். உள்ளே இருட்டில் கண்ணைத் திறந்தால், கச்சையின் பின்பக்கம் வெறும் தோல். தங்கம் பாதிக்கு மேல் போகவில்லை. ரகசியம் தெரிந்தவனை விடலாமா? பகல் 1 மணிக்கு வாளோடு வா என்கிறார் போர்த்தோஸ். அதற்கு முன் 12 மணிக்கு அதோஸுடன் ஒரு சண்டை நிச்சயமாகி இருக்கிறது. 2 மணிக்கு அராமிஸ். பல் வைத்தியர் கூட இவ்வளவு நெருக்கமாக நேரம் கொடுக்க மாட்டார்.

அதோஸ் இன்னும் ஒரு படி மேலே. சூதாட உட்கார்ந்து தன் குதிரையைத் தோற்றார், தார்த்தன்யானின் குதிரையையும் தோற்றார், அரசி அவனுக்குப் பரிசாகக் கொடுத்த வைர மோதிரத்தையும் தோற்றார். கடைசியில் வேலைக்காரன் க்ரிமோவைப் பத்துப் பங்காகப் பிரித்துப் பணயம் வைத்து மோதிரத்தை மீட்டார். தருமபுத்திரருக்குத் தம்பிகளையும் மனைவியையும் வைக்கத் தெரிந்தது. சில்லறையாகப் பிரித்து வைக்கத் தெரியவில்லை.

கைப்பிடி மீசை யுகம்

அமெரிக்காவில் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸுக்கு இந்தக் கதை மேல் தீராத பித்து. 1917-இலேயே 'எ மாடர்ன் மஸ்கட்டீர்' என்று ஒரு படம் எடுத்தார். அதில் கதாநாயகனின் தாய் கர்ப்பமாக இருக்கும்போது துமாவையே படித்துக்கொண்டிருக்கிறாள். அதனால் பிள்ளை கான்சஸ் மாநிலத்தில் பிறந்தும் தார்த்தன்யானாக வளர்கிறான். அபிமன்யு கேட்டது சக்கர வியூகம், இவன் கேட்டது தொடர்கதை.

அது ஒத்திகை. 1921-இல் 'த த்ரீ மஸ்கட்டீர்ஸ்' அசலாகவே வந்தது. 18 வயது தார்த்தன்யானுக்கு அப்போது 38 வயது. கல்லூரி மாணவனாக நடிப்பதற்கு நாற்பதை ஒட்டிய வயதுதான் உகந்தது என்ற சினிமா சாஸ்திரம் அன்றைக்கே தயார். ஆனால் மனிதர் ஒரு கையைத் தரையில் ஊன்றிக் கரணமடித்து அடுத்த வாளை எட்டிப் பிடித்த வித்தையை இன்றைக்கும் சண்டைப் பயிற்சியாளர்கள் பேசுகிறார்கள். இந்தப் படத்துக்காக வைத்த மீசையைப் பிறகு அவர் எடுக்கவே இல்லை. 1929-இல் 'தி அயர்ன் மாஸ்க்' எடுத்தபோது தார்த்தன்யான் சாகிறார். மேகத்தில் காத்திருக்கும் மூன்று நண்பர்களோடு போய்ச் சேர்ந்து அடுத்த சாகசத்துக்குக் கிளம்புகிறார். படம் பெரும்பாலும் ஊமை, கொஞ்சம்தான் பேச்சு. ஊமைப் படமும் அவரோடு சேர்ந்து மேகமேறியது.

பிரெஞ்சுக்காரர்களுக்கு ரோஷம் வராதா? அதே 1921-இல் ஆன்ரி தியாமான்-பெர்ஜே 12 பாகத் தொடராகவே எடுத்துத் தள்ளினார். ஒரு பக்கம் விடவில்லை என்று பெருமை. சினிமா பேச ஆரம்பித்ததும் 1932-இல் அதே இயக்குநர், அதே நாயகனை வைத்து, மறுபடி எடுத்தார். தார்த்தன்யான் என்ன குரலில் பேசுவார் என்று பத்து வருஷம் காத்திருந்தவர்களுக்கு விடை கிடைத்தது.

இன்னொரு பிரெஞ்சுக்காரர், சாப்ளினே குரு என்று கும்பிட்ட மாக்ஸ் லிண்டர், ஹாலிவுட்டிலேயே உட்கார்ந்து ஃபேர்பேங்க்ஸைக் கிண்டலடித்து 1922-இல் 'த த்ரீ மஸ்ட்-கெட்-தேர்ஸ்' எடுத்தார். மூன்று வீரர்களுக்கும் வால்ரஸ், ஆக்டோபஸ், போர்பாய்ஸ் என்று கடல் பிராணிகளின் பெயர். பதினேழாம் நூற்றாண்டு அரண்மனையில் தொலைபேசி. குதிரைக்குப் பதில் மோட்டார் சைக்கிள். எல்லாரும் இது கேலி என்று சிரித்தார்கள். 1933-இல் ஒரு சின்ன கம்பெனி இதே காரியத்தைச் சிரிக்காமல் செய்தது. மூன்று வீரர்களும் பாலைவனத்தில் பிரெஞ்சு அந்நியப் படையில் மாட்டிக்கொண்டு தவிக்க, விமானத்தில் வந்து இறங்கி எதிரிகளைச் சுட்டுத் தள்ளிக் காப்பாற்றுகிறார் அமெரிக்க தார்த்தன்யான். நடித்தவர் இளம் ஜான் வெய்ன். 12 வாரத் தொடர். பெயர் மட்டும் 'த த்ரீ மஸ்கட்டீர்ஸ்'. துமா பார்த்திருந்தால் கோபப்பட்டிருக்க மாட்டார். எத்தனை வரி என்று கேட்டிருப்பார்.

சலவைத் தொழில்

படமெடுக்க வருபவர்களுக்கு இந்த நாவலில் ஒரு பெரிய தலைவலி உண்டு. நாயகன் காதலிப்பது வீட்டுக்காரரின் மனைவி கான்ஸ்டன்ஸை. வாடகை பாக்கி வேறு. காதலியைக் காணோம் என்றதும் எதிரி மிலேடியின் அழகில் மயங்குகிறான். அவளிடம் நெருங்குவதற்காக அவளுடைய வேலைக்காரப் பெண்ணின் மனத்தைக் கெடுக்கிறான். இருட்டில் வேறொரு பிரபு மாதிரி நடித்து மிலேடியின் படுக்கை அறைக்கே போய்விடுகிறான். கடைசியில் ஒரு ராத்திரி, லீஸ் ஆற்றங்கரையில், பத்து ஆண்கள் சேர்ந்து அந்த ஒரு பெண்ணுக்கு அவர்களே தீர்ப்புச் சொல்லி, கூட்டி வந்த மரண தண்டனை நிறைவேற்றுபவனைக் கொண்டு தலையை வெட்டுகிறார்கள். அவள் விஷம் வைத்துக் கொன்றவள்தான், மறுக்கவில்லை. ஆனாலும் குழந்தைகளோடு மாட்னி பார்க்க வந்தவர்களுக்கு இதை எப்படிக் காட்டுவது?

அதற்காகவே ஹாலிவுட் ஒரு சலவைத் துறை வைத்திருந்தது. பழைய படங்களில் வீட்டுக்காரருக்கு மனைவியே இருக்க மாட்டாள். கான்ஸ்டன்ஸ் அவருக்கு ஏதோ உறவுப் பெண் ஆகிவிடுவாள். 1948-இல் எம்.ஜி.எம். கம்பெனி இன்னொரு கறையைக் கண்டுபிடித்தது. கதையின் வில்லன் ரிஷ்லியூ ஒரு கார்டினல், கத்தோலிக்கத் திருச்சபையின் இளவரசர். திருச்சபை முகம் சுளித்தால் வசூல் என்னாவது? வின்சென்ட் பிரைஸ் நடித்த ரிஷ்லியூவின் சிவப்பு அங்கியைக் கழற்றி, கார்டினல் என்று யாரும் வாய் தவறியும் கூப்பிடாமல், 'பிரதம மந்திரி' ஆக்கிவிட்டார்கள். பிரதம மந்திரி கெட்டவர் என்று காட்டினால் உலகத்தில் ஒருவரும் கண்டன ஊர்வலம் போக மாட்டார் என்று அன்றைக்கு ஒரு நம்பிக்கை.

அந்தப் படத்துக்கு மிலேடியாக நடிக்க லானா டர்னர் முதலில் முடியாது என்றார், கம்பெனி சம்பளத்தை நிறுத்தி வைத்தது, சரி என்றார். தார்த்தன்யான் ஜீன் கெல்லி. வாளைப் பிடித்திருந்தாலும் கால் அவருடைய சொந்தக் கால்தானே, சண்டை முழுக்க நடனம். பெல்ஜிய வாள் ஆசான் ஜான் ஹெரெமான்ஸ் சொல்லிக்கொடுக்க, எதிரி ஜுசாக்குடன் ஐந்து நிமிஷத்துக்கு வணக்கம் வைத்து, வழுக்கி விழுந்து, பின்னால் தட்டி, ஒரு காட்சி. படத்தின் துண்டுகளை வீணாக்காமல் 1952-இல் 'சிங்கிங் இன் தி ரெயின்' படத்துக்குள் கறுப்பு வெள்ளையாக்கி, கெல்லி நடிக்கும் ஊமைப் படம் என்று காட்டிக்கொண்டது கம்பெனி. துமா கடையின் வழக்கம் அது. ஒரு சரக்கை இரண்டு முறை விற்பது.

நால்வரின் கையில் ரத்தம் படாமல் மிலேடியை எப்படி ஒழிப்பது என்ற கேள்விக்குப் பிற்காலத்துச் சலவைக்காரர்கள் ஒரே வழி கண்டுபிடித்தார்கள். அவளே குதித்துவிட வேண்டும். 1993 டிஸ்னி படத்தில் மலை விளிம்பிலிருந்து குதித்தாள். 2011-இல் ஆகாயக் கப்பலிலிருந்து குதித்தாள். 2023-இல் இங்கிலாந்தின் கடலோரப் பாறையிலிருந்து குதித்தாள். கடைசி இரண்டு மிலேடிகளும் பிழைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் அடுத்த பாகத்துக்கு ஆள் வேண்டும்.

ரொட்டிக்காக ஒரு வாள்சண்டை

ரொம்ப விசுவாசமான படம் எது என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது 'த டூ மவுஸ்கட்டீர்ஸ்', டாம் அண்ட் ஜெர்ரி, ஆஸ்கர் வாங்கிய குறும்படம். ராஜாவின் விருந்து மேசையில் பண்டங்கள் மலை மாதிரி குவிந்திருக்கின்றன. ஒரு துரும்பு குறைந்தாலும் தலை போகும் என்று டாமைக் காவலுக்கு வைத்திருக்கிறார்கள். தொப்பியும் வாளுமாக ஜெர்ரியும் குட்டி எலியும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகின்றன. டாமின் தலை கில்லட்டினில் போகிறது. கில்லட்டின் வருவதற்கு இன்னும் 160 வருஷம் இருந்தது என்பதெல்லாம் பூனைக்குத் தெரியுமா? பசித்த வீரன், பெரிய இடத்துச் சாப்பாடு, நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு காவல்காரன்: துமாவின் கதை ஏழே நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

மனித நடிகர்களை வைத்து எடுத்தவர்களில் இதைப் புரிந்துகொண்டவர் இயக்குநர் ரிச்சர்ட் லெஸ்டர். பீட்டில்ஸ் பாடகர்களை வைத்துப் படமெடுத்துப் பேர் வாங்கியவர். அவருடைய 1973 படத்தில் மைக்கேல் யார்க், ஆலிவர் ரீட், ஃபிராங்க் ஃபின்லே, ரிச்சர்ட் சேம்பர்லெய்ன் நால்வர். ஒரு சத்திரம். நால்வருக்கும் பசி, பையில் ஒன்றுமில்லை. சட்டென்று அவர்களுக்குள்ளேயே தகராறு. வாள்கள் வெளியே வருகின்றன. சாப்பிட உட்கார்ந்தவர்கள் அலறியடித்துச் சுவரோரம் ஒதுங்குகிறார்கள். மேசை மேல் ஏறி, பெஞ்சைத் தாண்டி, வீசும் வாளுக்கு நடுவில் கோழியும் ரொட்டியும் மதுவும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. சண்டை முடியும்போது சமாதானமும் ஆகிவிட்டது, இரவுச் சாப்பாடும் ஆகிவிட்டது. நாவலின் அத்தனை பக்கங்களும் இந்த ஒரு காட்சியில் இருக்கின்றன.

லெஸ்டரின் வாள்களுக்கு எடை உண்டு. வீசியவன் மூச்சு வாங்குவான். துணி துவைக்கும் இடத்தில் சண்டை போட்டால் ஈரத் துணி முகத்தில் அறையும். உறைந்த ஏரியில் போட்டால் இரண்டு பேரும் குத்துவதற்கு முன்னாலேயே விழுவார்கள். முதுகில் உதைப்பது, முகத்தில் எறிவது எல்லாம் சகஜம். ஆலிவர் ரீட் நடிப்பென்று நினைக்காமலே சண்டை போடுகிற ரகம். எதிரில் நின்றவர்கள் பயந்தார்கள், கடைசியில் வாள் குத்தியது அவருடைய கழுத்தில்தான். வீட்டுக்காரர் பொனாசியோவுக்கு மனைவி திரும்பக் கிடைத்தாள்; கணவராக ஸ்பைக் மில்லிகன், மனைவியாக ராக்கெல் வெல்ஷ். அந்தக் கணவரின் முகத்தைப் பார்த்தால் நமக்கே பாவமாக இருக்கும், பிறகு சிரிப்பாக இருக்கும். சார்ல்டன் ஹெஸ்டனுக்கு மறுபடி சிவப்பு அங்கி.

ஆனால் துமாவின் ஆவி இறங்கியது இயக்குநர் மேல் அல்ல, தயாரிப்பாளர்கள் மேல். அலெக்சாண்டர் சால்கைண்ட், மகன் இல்யா சால்கைண்ட். நீளமான ஒரே படம் என்று சொல்லி ஸ்பெயினில் எடுத்து முடித்தார்கள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து நடுவில் வெட்டி, இரண்டு படமாக்கினார்கள்: 'த த்ரீ மஸ்கட்டீர்ஸ்', அடுத்து 'த ஃபோர் மஸ்கட்டீர்ஸ்'. நடிகர்களுக்குக் கொடுத்தது ஒரு படத்துச் சம்பளம். நடிகர்கள் வழக்குப் போட்டு ஏதோ கொஞ்சம் வாங்கினார்கள். அன்று முதல் ஹாலிவுட் ஒப்பந்தங்களில், எத்தனை படத்துக்காக நடிக்கிறோம் என்று எழுதியே ஆக வேண்டும் என்று ஒரு விதி. அதற்கு இன்றும் சால்கைண்ட் விதி என்றே பெயர். போர்த்தோஸ் பாதித் தங்கத்தில் முழுக் கச்சை போட்டார். இவர்கள் ஒரு சம்பளத்தில் இரண்டு படம் போட்டார்கள். நால்வர் கூட்டத்தில் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ள வேறு தகுதி எதற்கு?

இந்தக் கேலிக்கதையில் கேலி செய்ய முடியாத ஓர் இடமும் இருக்கிறது. 1988-இல் லெஸ்டர் பழைய ஆட்களைக் கூட்டி மூன்றாவது படம் எடுத்தபோது, வேலைக்காரன் ப்ளான்ஷேவாக நடித்த ராய் கின்னியர் ஸ்பெயினில் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனார். அதோடு லெஸ்டருக்குக் கதைப்படங்களின் மேலிருந்த ஆசை விட்டுப்போயிற்று.

லிவிவ் நகரத்துப் பாரிஸ்

பொதுவுடைமை நாட்டில் மன்னரின் காவல் வீரர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 1978-இல் சோவியத் ஒன்றியம் மூன்று பாகத் தொலைக்காட்சிப் படம் எடுத்தது. இயக்கம் கியோர்கி யுங்வால்ட்-ஹில்கேவிச். லிவிவ் நகரத் தெருக்கள்தான் பாரிஸ். நாயகன் மிகயில் பயார்ஸ்கி. எல்லாரும் குடிக்கிறார்கள், எல்லாரும் பாடுகிறார்கள், யாரிடமும் காசில்லை. சோவியத் ரசிகனுக்கு விளங்கவைக்க வேண்டியது ஒன்றுமே இல்லை. பாட்டுகள் பட்டிதொட்டியெல்லாம் போயின. பயார்ஸ்கி அதற்குப் பிறகு பொது இடங்களில் அகலக் கறுப்புத் தொப்பியோடுதான் தென்படுகிறார். அரசாங்கம் கவிழ்ந்தது, நாடு உடைந்தது, தொப்பி நின்றது.

அமெரிக்காவில் காலம் மாறியது. 1993-இல் டிஸ்னி, சார்லி ஷீனையும் கீஃபர் சதர்லேண்டையும் ஆலிவர் பிளாட்டையும் பிடித்துப் போட்டது; படத்தைவிட, பிரையன் ஆடம்ஸும் ராட் ஸ்டூவர்ட்டும் ஸ்டிங்கும் சேர்ந்து பாடிய பாட்டு அதிக நாள் ஓடியது. 2001-இல் இன்னொரு மஸ்கட்டீர் படத்துக்கு ஹாங்காங் சண்டைப் பயிற்சியாளர் ஷியோங் ஷின்-ஷின்னை வரவழைத்தார்கள். தார்த்தன்யான் ஏணி மேல் ஏணியாகத் தாவினார். ஏணி நன்றாக நடித்தது.

2011-இல் பால் டபிள்யூ. எஸ். ஆண்டர்சன் 3டி-யில் இறங்கினார். லியொனார்டோ டாவின்சி வரைந்து வைத்த திட்டத்தைத் திருடிக் கட்டிய ஆகாயக் கப்பல்கள் பாரிஸ் மேல் மோதுகின்றன. டாவின்சி தம் கடைசிக் காலத்தில் பிரான்சில் தங்கி 1519-இல் அங்கேயே இறந்தவர். பக்கத்திலேயே இருந்தும் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கப்பல் விஷயம் நூறு வருஷம் தெரியாமல் போனது அவர்கள் துரதிர்ஷ்டம். இயக்குநரின் மனைவி மிலா யோவோவிச் மிலேடியாகக் கூரையிலிருந்து தாவினார். பவேரிய அரண்மனைகள் பிரெஞ்சு அரண்மனைகளாக நின்றன. எல்லாம் இருந்தது. ஒருத்தருக்கும் பசி இல்லை. ஆகாயக் கப்பல் வைத்திருப்பவன் சத்திரத்தில் கோழி திருடுவானா?

இரும்பு முகமூடி நம் கரைக்கு வந்தது

துமா நால்வரை லேசில் விடவில்லை. பிறகு வந்த நாவல்களில் அவர்களுக்கு வயதாகிறது. கடைசியில் மன்னர் பதினான்காம் லூயிக்கு ஒரு ரகசிய இரட்டைச் சகோதரன், முகத்தில் இரும்பு முகமூடி. நிஜக் கைதி 1703-இல் பாஸ்டீல் சிறையில் செத்தபோது முகத்தில் இருந்தது கறுப்பு வெல்வெட் துணி. துணியை வைத்துக்கொண்டு எப்படிப் படம் எடுப்பது? 1939-இல் ஹாலிவுட் 'தி மேன் இன் தி அயர்ன் மாஸ்க்' எடுத்தது. அடுத்த ஆண்டே சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் அதைத் தமிழாக்கி 'உத்தம புத்திரன்' என்றார். பி.யு. சின்னப்பா இரட்டை வேடம்; தமிழுக்கு அதுவே முதல் இரட்டை வேடம். சாகச வீரர்கள் கடல் தாண்டும்போதே கழன்றுகொண்டார்கள், முகமூடி மட்டும் வந்து சேர்ந்தது.

1958-இல் சிவாஜி கணேசன் மறுபடி அந்த முகமூடியைப் போட்டுக்கொண்டார். எம்.ஜி.ஆரும் அதே பெயரில் படமெடுக்க எண்ணியிருந்து, பிறகு ஒதுங்கி, அதே ஆண்டில் 'நாடோடி மன்னன்' எடுத்து இரட்டை வேடக் கணக்கைச் சரிசெய்தார். அவருக்கு மானசீக வாத்தியார் வேறு யாரும் அல்ல, கரணமடித்த ஃபேர்பேங்க்ஸ். 2006-இல் வடிவேலு 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி'யாக வந்து, பிறந்த அன்றே பிரிந்த அரண்மனை இரட்டையர்களை ஊரே வயிறு வலிக்கச் சிரிக்கும்படி செய்தார். துமாவுக்கும் சேலத்துக்கும் நடுவில் ராயல்டி என்ற சொல் ஒரு தடவையும் வரவில்லை. மார்செய் நூலகத்துப் புத்தகக் கணக்கோடு இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம்.

1998-இல் அமெரிக்கா மறுபடி முகமூடியை எடுத்து லியொனார்டோ டிகாப்ரியோவுக்கு மாட்டியது. 'டைட்டானிக்' இன்னும் வசூலில் மிதந்துகொண்டிருந்த நேரம். உலகத்திலேயே அதிகம் பேர் பார்க்கத் துடித்த முகத்தை இரும்புக்குள் பூட்டிக் காட்டியது ஒரு தைரியம்தான். போதாததற்கு, மன்னருக்கும் அவருடைய இரட்டைச் சகோதரனுக்கும் அப்பா தார்த்தன்யானே என்றும் முடித்துவிட்டார்கள். மஞ்சள் குதிரைக்காரன் பிரெஞ்சு ராஜ வம்சத்துக்கே வேர் ஆனான்.

பணமுள்ளவர்கள் பசித்தவர்களாக

பிரான்ஸ் ஒருவழியாக 2023-இல் தன் சொத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மார்த்தான் பூர்பூலோன் இயக்கம். ஏப்ரலில் 'தார்த்தன்யான்', டிசம்பரில் 'மிலேடி'. அதோஸாக வென்சான் காசெல். அவருடைய அப்பா ஜான்-பியேர் காசெல்தான் லெஸ்டர் படத்தில் பதின்மூன்றாம் லூயி. அப்பா ராஜா, மகன் ராஜாவின் காவல்காரன்: ஐம்பது வருஷத்தில் குடும்பம் இறங்கியது என்றும் சொல்லலாம், நல்ல பாத்திரத்துக்கு ஏறியது என்றும் சொல்லலாம். இந்த முறை இரண்டு படம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஊரெல்லாம் சேறு, முகமெல்லாம் அழுக்கு, வீரர்கள் குளித்து ஒரு மாதம் ஆன மாதிரி இருக்கிறார்கள். அழுக்குக்குக் குறைவில்லை. ஆனால் அந்த அழுக்கு நல்ல சம்பளம் வாங்கும் ஒப்பனைக்காரர் பூசிய அழுக்கு. வாடகை பாக்கி வைத்தவன் முகத்து அழுக்கு வேறு.

2002-இல் பிரெஞ்சு அரசு துமாவைச் சொந்த ஊர் மண்ணிலிருந்து எடுத்துப் பாரிசின் பாந்தியோனில், விக்தோர் யூகோவுக்கும் எமில் சோலாவுக்கும் பக்கத்தில் வைத்தது. பெட்டி மேல் நீல வெல்வெட். தூக்கி வந்தவர்கள் மஸ்கட் வீரர் வேஷத்தில். அரசுச் செலவு என்பதால் அவருக்கு இதில் கடன் ஏறவில்லை. அவர் வைத்த விருந்துகளில் அது ஒன்றுதான் அப்படி. மாக்கேயை அங்கே யாரும் கொண்டுபோகவில்லை.

அடுத்து யாராவது எடுக்கத்தான் போகிறார்கள். இந்தச் சரக்குக்கு உரிமைக்கட்டணம் கிடையாது என்பது தயாரிப்பாளர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களிடம் சண்டைப் பயிற்சியாளரைப் பற்றிப் பேச வேண்டாம், அரண்மனை வாடகையைப் பற்றிப் பேச வேண்டாம். முதல் நாள் படப்பிடிப்பில் நால்வரையும் சத்திரத்தில் உட்காரவைத்து, சாப்பாட்டுக்கான பில்லை மேசையில் வைத்துவிட்டு, கேமராவை ஓடவிட்டால் போதும். பில்லைப் பார்த்து நால்வரில் ஒருவராவது கதவுப் பக்கம் கண்ணை ஓட்டினால் படம் ஆரம்பமாகிவிட்டது. அப்போதும் ஒருவர் பர்சை எடுத்தால், அந்த நடிகரை மாற்றிவிடுங்கள்.